தக்காளி விதையை ஏன் எறிகிறோம்?

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரே கிழமைக்குள் தக்காளியைப் பற்றி இரண்டு செய்திகள் வந்தன. தினமும் இரண்டு தக்காளி சாப்பிட்டால் புற்றுநோய் அண்டாது என்றது முதலாவது. தக்காளி விதை சிறுநீரகத்தில் கல்லாக மாறும், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தொடவே கூடாது என்றது இரண்டாவது. இரண்டையும் அனுப்பியவர் என் பெரியம்மாதான். இரண்டுக்கும் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

சிரித்துவிட்டுக் கடந்து போயிருக்கலாம். ஆனால் பெரியம்மா வீட்டுச் சமையல் அதன் பிறகு மாறிவிட்டது. தக்காளியைப் பிளந்து, விதையும் சாறும் உள்ள பகுதியை வழித்து எறிகிறார். தோலையும் உரித்துவிடுகிறார். மிஞ்சும் சதை மட்டுமே சட்டிக்குள் போகிறது. சுவை குறைந்துவிட்டது என்று இப்போது கறிக்குச் சூப் கட்டி சேர்க்கிறார். அவருக்குப் பத்து வருடமாக உயர் இரத்த அழுத்தம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "விதையைப் போட்டால் கல்லு வரும் பிள்ளை, உனக்கு இப்ப விளங்காது" என்றார்.

அதே ஒழுங்கையில் சிறுநீரக நோய்க்காகக் கிளினிக் போகும் ஒருவர் இருக்கிறார். அவர் முதலாவது செய்தியை நம்பித் தினமும் காலையில் ஒரு தம்ளர் தக்காளிச் சாறு குடித்து வந்தார்.

நன்மை பெறக்கூடியவர் எறிகிறார். கவனமாக இருக்க வேண்டியவர் குடிக்கிறார். தக்காளியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான். அது அதிசய மருந்துமல்ல, நஞ்சுமல்ல. ஆனால் எப்படிச் சமைக்கிறோம், யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பயன் மிகவும் வேறுபடுகிறது.

ஒரு தக்காளிக்குள் என்ன இருக்கிறது?

பச்சைத் தக்காளிப்பழத்தில் ஏறத்தாழ 95 வீதம் நீர்தான். 100 கிராமில், அதாவது நடுத்தர அளவான ஒரு பழத்தில், 18 கலோரி அளவே சக்தி உண்டு. விற்றமின் சி ஏறத்தாழ 14 மில்லிகிராம், பொற்றாசியம் 240 மில்லிகிராம் அளவில், நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். இவற்றோடு சிறிதளவு போலேற்றும் விற்றமின் ஏ ஆக மாறக்கூடிய பீற்றா கரோட்டினும் உள்ளன.

இந்தக் கணக்கில் மட்டும் பார்த்தால் தக்காளி ஒரு சாதாரண மரக்கறிதான். விற்றமின் சி வேண்டுமென்றால் கொய்யாப்பழத்தில் இதைவிடப் பல மடங்கு உண்டு. தக்காளியைத் தனித்துக் காட்டுவது அதன் சிவப்பு நிறம். அந்த நிறத்தைத் தருவது லைகோபீன் என்ற பொருள். கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரோட்டினின் உறவுக்கார இரசாயனம் இது. உடலில் ஒட்சியேற்றத்தால் ஏற்படும் சேதத்தைத் தடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதாலேயே ஆய்வாளர்கள் இதன் மீது இவ்வளவு கவனம் செலுத்தினார்கள். வத்தகப்பழத்திலும் பப்பாசியிலும் லைகோபீன் இருக்கிறது. ஆனால் வருடம் முழுவதும் நம் சட்டியில் விழுவது தக்காளிதான்.

சட்டியில் நடப்பது

மரக்கறியைச் சமைத்தால் சத்து போய்விடும் என்று பாடசாலையில் படித்தோம். விற்றமின் சி விடயத்தில் அது உண்மை. லைகோபீன் விடயத்தில் நிலைமை தலைகீழ்.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் தக்காளியை 88 பாகை செல்சியஸில் 2, 15, 30 நிமிடங்கள் சூடாக்கி அளந்து பார்த்தார்கள். விற்றமின் சி முறையே 10, 15, 29 வீதம் குறைந்தது. பிரித்தெடுக்கக்கூடிய லைகோபீனோ முறையே 54, 171, 164 வீதம் கூடியது. வெப்பம் புதிதாக லைகோபீனை உண்டாக்கவில்லை. பச்சைப்பழத்தில் அது கலச்சுவர்களுக்குள் இறுக்கமாகப் பூட்டிக் கிடக்கிறது. சூடு அந்தச் சுவர்களை உடைத்து அதை வெளியே விடுகிறது. அத்துடன், நீண்டு நேராக இருக்கும் லைகோபீன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி வெப்பத்தால் வளைகிறது. வளைந்தவற்றைக் குடல் எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது.

கால் மணித்தியாலத்துக்கும் அரை மணித்தியாலத்துக்கும் இடையில் லைகோபீன் அளவில் பெரிய மாற்றம் இல்லை என்பதைக் கவனியுங்கள். விற்றமின் சி இழப்போ ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது. எனவே மணிக்கணக்காக வற்றவைக்கத் தேவையில்லை. தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும் வரை மூடி வதக்கினால் போதும். எங்கள் அம்மாமார் கறிக்குத் தாளிக்கும்போது செய்வதும் அதுதான்.

கொஞ்சம் கொழுப்பு வேண்டும்

லைகோபீன் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஜேர்மனியில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சதவீதம் சோள எண்ணெய் சேர்த்து ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்த தக்காளிச் சாற்றைக் குடித்தவர்களின் இரத்தத்தில் லைகோபீன் உயர்ந்தது. பச்சையாகக் குடித்தபோது அப்படி உயரவில்லை. 2004இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில், கீரை, கரட், தக்காளி சேர்த்த சலாட்டை எண்ணெய் எதுவும் இல்லாத சாறு ஊற்றிச் சாப்பிட்டவர்களின் உடல் இந்த நிறப்பொருட்களை அனேகமாக உறிஞ்சவே இல்லை.

உடல் மெலிய வேண்டும் என்று எண்ணெய் துளியும் இல்லாமல் வெறும் தக்காளியும் வெள்ளரிக்காயும் வெட்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு செய்தி. நார்ச்சத்தும் விற்றமின் சியும் கிடைக்கும். தக்காளியின் சிறப்பு கிடைக்காது.

நமது சாப்பாட்டில் இந்தப் பிரச்சினை குறைவு. தக்காளிச் சொதியில் தேங்காய்ப்பால் இருக்கிறது. பருப்புக்கறியில் தாளிதம் இருக்கிறது. டின்மீன் கறியில் மீனின் கொழுப்பே இருக்கிறது. ஆளுக்கு ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெய் அல்லது அதற்கு ஈடான தேங்காய்ப்பால் போதுமானது. முதற்பாலை அள்ளி ஊற்றுவதற்கு இதைச் சாட்டாக எடுக்க வேண்டாம். தேங்காயில் நிறைகொழுப்பு அதிகம். இதய நோயோ கொலஸ்ரோலோ உள்ள வீட்டில் இரண்டாம் பாலிலேயே சொதி வைக்கலாம், அதிலும் கொழுப்பு உண்டு.

பச்சைத் தக்காளிக்கும் ஓர் இடம் உண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளையில் விற்றமின் சி உள்ள உணவு சேர்ந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், பருப்புக்கறியோடு வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் சேர்த்த தக்காளிச் சம்பல் இருப்பது சுவைக்கு மட்டுமல்ல. சமைத்தது ஒரு நன்மை, பச்சை இன்னொரு நன்மை. இரண்டும் ஒரே கோப்பையில் இருக்கலாம்.

விதையோடு போகும் சுவை

இப்போது பெரியம்மா எறிந்த பகுதிக்கு வருவோம். தக்காளிக்குப் புளிப்பும் இனிப்பும் மட்டுமல்ல, வாயில் நிற்கும் ஒருவித இறைச்சிச் சுவையும் உண்டு. அதற்குக் காரணம் அதில் இயற்கையாக உள்ள குளுட்டமேட். அஜினமோட்டோ என்று கடையில் வாங்கும் சுவையூட்டியிலும் சூப் கட்டியிலும் இருப்பது இதே பொருள்தான். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில் வெளிச் சதையைவிடக் குளுட்டமேட் கூடுதலாக இருக்கிறது. தோலிலோ, சதையைவிட லைகோபீன் செறிவாக இருக்கிறது.

ஆக, விதையை வழித்துத் தோலை உரிக்கும்போது நாம் எறிவது தக்காளியின் சுவையையும் நிறத்தையும்தான். அந்த இடத்தை நிரப்ப உப்பும் சூப் கட்டியும் வருகின்றன. இலங்கையில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது மட்டமான ஒரு தேக்கரண்டி. அந்த அளவுக்குள் பாணில் உள்ள உப்பு, கருவாட்டில் உள்ள உப்பு, ஊறுகாயில் உள்ள உப்பு எல்லாம் அடங்க வேண்டும்.

பிரஷர் உள்ளவர்களுக்குத் தக்காளி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முழுத் தக்காளியை நன்றாக வதக்கிச் சேர்த்தால், வழக்கமான உப்பில் ஒரு பகுதியைக் குறைத்தாலும் கறி சப்பென்று இருக்காது. போதாததற்கு, தக்காளியில் உள்ள பொற்றாசியம் உடலில் சேரும் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் வரை இது நல்ல சேர்க்கை.

கல் எங்கிருந்து வருகிறது?

விதை கல்லாகும் என்ற நம்பிக்கைக்கு உடலின் அமைப்பிலேயே இடமில்லை. நாம் விழுங்கும் விதை குடல் வழியாகப் போய் மலத்தோடு வெளியேறுகிறது. சிறுநீரகம் வடிகட்டுவது இரத்தத்தை. விதை இரத்தத்துக்குள் போவதில்லை.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒக்சலேற்றால் ஆனவை. தக்காளியிலும் ஒக்சலேற் உண்டு, அது பொய்யல்ல. ஆனால் ஒரு நடுத்தரத் தக்காளியில் சில மில்லிகிராம்தான். ஸ்பினாச் போன்ற கீரைகளில் ஒரு நேரச் சாப்பாட்டிலேயே நூற்றுக்கணக்கான மில்லிகிராம் சேர்ந்துவிடும். கல் வந்தவர்கள் ஒக்சலேற்றைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னாலும், அந்தப் பட்டியலில் தக்காளி முன்வரிசையில் வருவதில்லை.

கல்லைத் தடுப்பதில் முக்கியமானது தண்ணீர். வெயிலில் வேலை செய்து, வியர்த்து, குறைவாகத் தண்ணீர் குடிக்கும்போது சிறுநீர் தடிக்கிறது, உப்புகள் படிகமாகின்றன. ஒரு நாளில் இரண்டு முதல் இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது கல் வந்தவர்களுக்கான அடிப்படை ஆலோசனை. அடுத்தது உப்பைக் குறைப்பது, ஏனெனில் உப்பு கூடினால் சிறுநீரில் கல்சியமும் கூடும். தக்காளியை நிறுத்திவிட்டு உப்பைக் கூட்டிக்கொண்டால், கல்லுக்குப் பயந்து செய்த காரியமே கல்லுக்கு உதவுகிறது.

உண்மையாகவே கவனிக்க வேண்டியவர்கள்

சிறுநீரகக் கல் வேறு, நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு. மக்கள் பேச்சில் இரண்டும் "கிட்னி வருத்தம்" என்று ஒன்றாகிவிடுவதால்தான் குழப்பம்.

நாட்பட்ட நோயில் சிறுநீரகம் பொற்றாசியத்தை வெளியேற்றும் திறனை இழக்கிறது. இரத்தத்தில் அது தேங்கினால் இதயத்துடிப்பின் ஒழுங்கே கெட்டுவிடலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். காரணம் திட்டவட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய் 1990களில் இருந்து வடமத்திய மாகாணத்தைப் பாதித்து வருவது நாம் அறிந்ததே. வவுனியா போன்ற அயல் மாவட்டங்களிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் பழுதானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு அளவுதான் எல்லாம். நான்கு பேருக்கு வைக்கும் கறியில் இரண்டு தக்காளி போட்டால் ஒருவர் பங்குக்கு 120 மில்லிகிராம் அளவு பொற்றாசியம் வரும். ஒரு தம்ளர் தக்காளிச் சாற்றில் 500 மில்லிகிராம் அளவு வரும். வற்றவைத்த தக்காளி விழுதில் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராம் அளவு. சாறும் விழுதும் ஆரோக்கியமானவருக்கு நல்லவை, சிறுநீரக நோயாளிக்கு ஆபத்தானவை. எனலப்பிரில், லொசாட்டன், ஸ்பைரோனோலக்ரோன் போன்ற மருந்துகளும் இரத்தத்தில் பொற்றாசியத்தைக் கூட்டக்கூடியவை. சிறுநீரகம் பலவீனமானவர் இவற்றையும் எடுத்துக்கொண்டு, தினமும் சாறும் இளநீரும் குடித்தால் ஆபத்து இன்னும் கூடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கிளினிக்கில்தான் சொல்ல முடியும்.

எங்கள் ஒழுங்கைக்காரரின் மனைவியிடம் இதைச் சொல்லி, அடுத்த கிளினிக் நாளில் கேட்கச் சொன்னேன். சாற்றை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். கறியில் விழும் தக்காளியை அளவோடு அனுமதித்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு தரப்பினர் உண்டு. நெஞ்செரிவு உள்ளவர்களுக்குத் தக்காளியின் புளிப்பு அதைக் கூட்டலாம், குறிப்பாக இரவில் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால். சிலருக்குத் தக்காளி ஒவ்வாமையும் இருக்கலாம், வாய் அரிப்பு அதன் அறிகுறி. தனக்கு ஒத்துக்கொள்ளாததைத் தவிர்ப்பதில் தவறில்லை.

புற்றுநோய்க் கதை

முதலாவது வட்ஸ்அப் செய்திக்கும் ஒரு வேர் இருக்கிறது. ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளியும் தக்காளி சேர்ந்த உணவுகளும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது. உலகம் முழுவதும் தக்காளிக்குப் புகழ் வந்தது அதன் பிறகுதான். ஆனால் இப்படிக் கவனித்துப் பார்க்கும் ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிரூபிக்காது. தக்காளி கூடச் சாப்பிடுபவர் மற்ற மரக்கறிகளும் கூடச் சாப்பிடுபவராக இருக்கலாம், புகைக்காதவராக இருக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் இருந்த சான்றுகளை எல்லாம் பரிசீலித்து, இந்தக் கூற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் மிகக் குறைவு என்ற முடிவுக்கே வந்தது.

லைகோபீன் மாத்திரைகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றை வாங்கும் முன் அதன் உறவுக்காரப் பொருளின் கதையை அறிந்துகொள்வது நல்லது. கரட்டும் மரக்கறியும் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதைக் கண்டு, பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அதில் பீற்றா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருப்பதை 1994இல் கண்டார்கள். மரக்கறியில் இருக்கும்போது நல்லதாகத் தெரிந்தது, பிரித்தெடுத்து மாத்திரையாக்கியதும் வேறு விதமாக நடந்துகொண்டது. சட்டியில் உள்ள தக்காளிக்கு மாத்திரை மாற்றீடல்ல.

போத்தலில் இருப்பது தக்காளிதானா?

பிள்ளைகள் தக்காளி சாப்பிடுகிறார்களா என்று கேட்டால், சோஸ் சாப்பிடுகிறார்களே என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். சோஸில் லைகோபீன் உண்டு, அது வற்றவைத்த தக்காளிதான். ஆனால் வழமையான தக்காளி சோஸில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். ஒரு மேசைக்கரண்டி என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சீனி, அதோடு உப்பு. பிள்ளைகள் ஒரு கரண்டியோடு நிறுத்துவதும் இல்லை. போத்தலில் ஒட்டியிருக்கும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகளைப் பார்த்து வாங்குங்கள். உட்பொருள் பட்டியலில் தக்காளிக்கு முன்பே நீரும் சீனியும் வந்தால், நீங்கள் வாங்குவது எது என்று விளங்கிவிடும்.

மலிந்த நாளில் செய்யக்கூடியது

நம் நாட்டில் தக்காளி விலையைப் போல ஏறி இறங்குவது வேறில்லை. மழை பெய்தால் ஒரு கிலோ வாங்கப் பயம். எல்லாத் தோட்டமும் ஒன்றாகக் காய்த்தால், பறிக்கும் கூலிக்கும் கட்டாது என்று விவசாயி வீதியோரம் கொட்டுகிறார். மலிந்த நாளில் வாங்குவதும், வாங்கியதைப் பழுதாக்காமல் வைப்பதும் வீட்டுக்கும் நல்லது, தோட்டக்காரருக்கும் நல்லது.

முழுதாகப் பழுக்காதவற்றைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், குளிரில் மணமும் சுவையும் கெடும். காம்புப் பக்கத்தைக் கீழாக வைத்து, நிழலில், ஒன்றின்மேல் ஒன்று அமுங்காமல் பரப்பி வையுங்கள். நன்றாகக் கனிந்தவற்றை மட்டும் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். ஓடும் நீரில் நன்றாகக் கழுவிய பிறகே வெட்டுங்கள்.

மிஞ்சியவற்றைத் தோலோடும் விதையோடும் நறுக்கி, சிறிது எண்ணெயில் கால் மணித்தியாலம் வதக்கி, ஆறவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். கட்டிகளைப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால், விலை ஏறும் நாட்களில் கறிக்கு இரண்டு கட்டி போதும். உறைபெட்டி இல்லாதவர்கள் சிறிய அளவில் செய்து குளிரில் வைத்துச் சில நாட்களில் பாவிக்கலாம். போத்தலில் அடைத்து அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைப்பதைத் தவிருங்கள். தக்காளியின் புளிப்பு சில வேளைகளில் நஞ்சுக் கிருமிகளைத் தடுக்கும் அளவுக்குப் போதாது.

சட்டியையும் கவனியுங்கள். தக்காளியின் அமிலம் அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். நீண்ட நேரம் வதக்குவதற்கும் மிச்சக் கறியை இரவு முழுக்க வைப்பதற்கும் மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது. இரும்புச் சட்டியில் வதக்கினால் கறியில் சிறிது இரும்புச்சத்தும் சேரும்.

இவற்றில் எதற்கும் மேலதிகச் செலவில்லை. தோலை உரிக்காமல், விதையை எறியாமல், கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, உப்பைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், அவருடைய பங்கைத் தீர்மானிக்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதைப் படிக்கப்போகிறவர்களுக்கு என்ன வருத்தம் இருக்கிறது என்று ஒரு கணம் யோசியுங்கள். ஒருவருக்கு நல்லதாக அமையும் உணவு, பக்கத்து வீட்டில் ஒருவரை வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும்.